கார்த்திகையில் வளர்ந்த வைக்கோல்

“றைவரை நம்புறதும் ஒண்டு, கலியாணம் கட்டுறதும் ஒண்டு, மிஸ்டர் கனிசியஸ். பிழைச்சுதெண்டால் மானம் போகும்,” என்றார் செல்வரட்ணம்.

“இப்ப உங்களுக்கு எது பிழைச்சது?” என்று கேட்டாள் குணலட்சுமி.

செல்வரட்ணம் அவளைத் திரும்பியும் பார்க்கவில்லை. உதவியாளர்களோடு கதைத்தால் தன் மதிப்பு இறங்கிவிடும் என்று நினைக்கிற மனிதர். ஓடிக்கொலோன் தெளித்த கைலேஞ்சியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு கனிசியஸை மட்டும் பார்த்தார்.

கனிசியஸ் ஒரு காலத்தில் காப்புறுதிக் கொம்பனி ஒன்றில் விபத்துகளை விசாரிக்கும் உத்தியோகத்தர். நெருப்புப் பிடிக்காத கடைக்கும் மோதாத லொறிக்கும் நட்டஈடு கேட்டு வருகிறவர்களுடைய பொய்களை வருடக்கணக்காகக் கேட்டுப் பழகிய காது அவருடையது. அரசுக்கும் இயக்கத்துக்கும் நடந்த சண்டையில் கொம்பனி பூட்டப்பட்டது. காது மட்டும் பூட்டப்படவில்லை. அதே கொம்பனியில் தட்டெழுத்தாளராக இருந்த குணலட்சுமி, தன் மெசினோடும் வாயோடும் அவரிடம் வந்து சேர்ந்தாள். மெசினுக்கு றிபன் கிடைக்காமல் போய் இரண்டு வருடம். வாய்க்கு அந்தக் குறை வரவில்லை.

அவர்கள் இருந்தது ஸ்ரான்லி வீதியில், ‘செல்வரட்ணம் சாரதிகள் சேவை நிலையம்’ என்று பலகை தொங்கிய அறையில். தொண்ணூற்று நாலாம் ஆண்டு கார்த்திகை. பெற்றோலுக்கு அரசாங்கத் தடை. யப்பான் கார்கள் எல்லாம் கோழிக் கூடாகிவிட்டன. மண்ணெண்ணெயைக் குடித்துக்கொண்டு ஓடக்கூடிய பழைய ஒஸ்ரினும் மொறிஸும்தான் திரும்பவும் தெருவுக்கு வந்திருந்தன. அவற்றை மண்ணெண்ணெயில் ஓட்டத் தெரிந்த சாரதிகள் கொஞ்சப் பேர். அந்தக் கொஞ்சப் பேரையும் வளைத்துப் பிடித்து, கலியாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் செத்தவீட்டுக்கும் கார் வைத்திருக்கிறவர்களிடம் அனுப்பிவைப்பதே செல்வரட்ணத்தின் தொழில். கூலியில் அவருக்குப் பாதி, சாரதிக்குப் பாதி. மழையும் வெயிலும் முழுக்கச் சாரதிக்கு.

“சனம் நினைக்குது, நான் சும்மா கதிரையிலை இருந்து சாப்பிடுறன் எண்டு. ஒவ்வொரு றைவரையும் அனுப்பேக்கை என்ரை பேரையும் அவனோடை சேர்த்தெல்லே அனுப்புறன்? அவன் குடிச்சால் நான் குடிச்ச மாதிரி. அவன் இடிச்சால் நான் இடிச்ச மாதிரி. இப்ப களவெடுத்திட்டான்.”

“அப்ப நீங்கள் களவெடுத்த மாதிரி,” என்றாள் குணலட்சுமி.

கனிசியஸ் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். சிரிப்பு வந்தால் அவர் செய்கிற வேலை அது. “விசயத்தைச் சொல்லுங்கோ.”

விசயம் இதுதான். பண்டத்தரிப்பில் ஓவசியர் வேலை பார்த்து ஓய்வு பெற்ற இளையதம்பியிடம் ஓர் ஒஸ்ரின் கேம்பிறிஜ் இருந்தது. அதை ஓட்டக் குருநகர்ச் சூசைதாசனை அனுப்பியிருந்தார் செல்வரட்ணம். போன வெள்ளிக்கிழமை விடியக் கொட்டில் வெறுமை. காரும் இல்லை, சூசைதாசனும் இல்லை.

“இது மூண்டாவது கார், மிஸ்டர் கனிசியஸ். முதல் கோப்பாயிலை ஒண்டு. பிறகு சண்டிலிப்பாயிலை ஒண்டு. ரெண்டிலையும் என்ரை றைவர்மார்தான் எடுத்துக்கொண்டு ஓடினவங்கள். நான் என்ன பாவம் செய்தனோ தெரியாது.”

“மூண்டு கார் துலைஞ்சும் தொழில் நடக்குதோ?”

“ஆண்டவன் புண்ணியம். நேற்றும் புதிசாய் ரெண்டு கார்க்காரர் வந்து சேர்ந்தவை.”

“ம்,” என்றார் கனிசியஸ். அவருடைய ‘ம்’களைத் தரம் பிரிக்கத் தெரிந்தவள் குணலட்சுமி. இது, சாப்பாட்டில் கல் கடிபட்ட ‘ம்’.

“நீங்கள் நல்லாய்த் தேடவேணும். நாலு இடத்திலை விசாரிக்கவேணும். துப்பறியிற ஆள் ஒருத்தர் இறங்கியிருக்கிறார் எண்டு ஊருக்குத் தெரியவேணும். எனக்கு அது போதும்.”

“கார் கிடைக்கத் தேவையில்லையோ?” என்றாள் குணலட்சுமி.

“கிடைச்சால் சந்தோசம்தானே,” என்றார் அவர், சுவரைப் பார்த்து.

செல்வரட்ணமும் கூடவே வந்தார். கனடாவுக்குப் போன ஒருவர் விட்டுச்சென்ற மொறிஸ் மைனர் ஒன்று அவர் பாவனையில் இருந்தது. அதை ஓட்டுகிறவர் தம்பிஐயா, மெலிந்த, அதிகம் கதைக்காத மனிதர். பொனற்றைத் திறந்து, சாரத்தின் மடியிலிருந்து கட்டைவிரல் தடிப்பில் ஒரு போத்தலை எடுத்தார். உள்ளே பெற்றோல், கண்ணீர் அளவு. அதில் சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டுவிட்டு ஓடிவந்து திறப்பை முறுக்கிக் கிளப்பினார். கார் இருமியது. இன்னும் சில துளி. திரும்ப இருமியது. பிறகு ஒருவழியாக உயிர் வந்து மண்ணெண்ணெய்க்கு மாறி, தெரு முழுக்கக் குப்பி விளக்கு மணத்தைப் பரப்பியது.

“இந்தப் போத்தல் இல்லாட்டி?” என்று கேட்டாள் குணலட்சுமி.

“கார் கிளம்பாது, பிள்ளை. இது இல்லாத றைவரும் பூணூல் இல்லாத ஐயரும் ஒண்டு. சாப்பிட மறந்தாலும் இதை மறக்கமாட்டம்,” என்றார் தம்பிஐயா.

முதலில் சூசைதாசனின் வீட்டுக்கு விடச் சொன்னார் கனிசியஸ். “கள்ளன்ரை வீட்டிலை கள்ளன் இருப்பானோ?” என்று செல்வரட்ணம் முகம் சுளித்தார்.

“இருக்கமாட்டான். அவன் விட்டிட்டுப் போனது இருக்கும்.”

குருநகர் ஒழுங்கையில் மீன் கழுவின தண்ணீர் நின்றது. செல்வரட்ணம் சப்பாத்தைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், காருக்குள்ளேயே இருந்துகொண்டார்.

சூசைதாசன் வீட்டுப் படலையில் யாரோ கரியால் ‘கள்ளன்’ என்று எழுதியிருந்தார்கள். அழித்த இடத்தில் திரும்பவும் எழுதியிருந்தார்கள். யோசப்பின் என்ற அவன் மனைவி வாசலில் இருந்து இறால் உடைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

“நீங்களும் கேக்க வந்தனீங்களோ, அண்ணை? எல்லாரும் கேட்டிட்டினம். கோயிலிலை எனக்குப் பக்கத்திலை ஒருத்தரும் முழங்காலிலை நிக்கினமில்லை. இண்டைக்குக் காலமை ரெண்டு இயக்கப் பெடியள் வந்து, ‘அவர் வந்த உடனை அறிவிக்கவேணும்’ எண்டு சொல்லிப்போட்டுப் போனவங்கள்.” அவள் குரல் அப்போதுதான் கொஞ்சம் இறங்கியது. “கள்ளருக்கு இப்ப என்ன செய்யிறாங்கள் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே.”

தெரியும். மூவருக்கும் தெரியும். குணலட்சுமிக்குச் சொல்ல ஒரு பகிடியும் வாயில் வரவில்லை.

“எப்ப போனவர், தங்கச்சி?”

“வியாழன் பின்னேரம். கொஞ்ச நாள் வேலை எண்டார். எங்கை எண்டு கேட்டன், ‘பிறகு சொல்லுறன்’ எண்டார். முகத்திலை ஒரு சிரிப்பு. என்ரை மனிசன் களவெடுக்கிறதெண்டால், அண்ணை, சாப்பிடுற சாமான் ஏதும் எடுத்திருப்பார். காரை எடுத்து நாங்கள் அவிக்கிறதோ?”

“அவரின்ரை பெற்றோல் போத்தல் எங்கை?”

கையைத் துடைத்துவிட்டு யோசப்பின் உள்ளே போனாள். அந்தோனியார் சுரூபத்துக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னப் போத்தலைக் கொண்டுவந்தாள். கழுத்துவரை பெற்றோல். துணியால் இறுக்கி அடைத்திருந்தது.

“மறந்து போட்டாரோ?” என்றாள் குணலட்சுமி.

“இல்லை. அவர்தான் தந்தவர். ‘கவனமாய் வைச்சிரு, எனக்கு இனி இது தேவைப்படாது’ எண்டு சொன்னவர்.”

கனிசியஸ் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு அவளிடமே கொடுத்தார். “ஒருத்தருக்கும் காட்டாதையும். இண்டைக்குப் பொழுதுபட முதல் நான் திரும்பி வாறன்.”

ஒழுங்கையில் திரும்பி நடக்கும்போது கேட்டார்: “குணம், ஒரு றைவருக்கு அந்தப் போத்தல் தேவைப்படாத ஊர் எது?”

குணலட்சுமி நாலு எட்டு யோசித்தாள். “பெற்றோல் செட்டிலை பெற்றோல் விக்கிற ஊர். கொழும்பு.”

“கொழும்புக்கு எப்பிடிப் போறது?”

“கிளாலிக்குப் போய், கடலேரியிலை படகேறி.”

“படகிலை ஒஸ்ரின் கேம்பிறிஜ் ஏறுமோ?”

“ஓவசியர் சம்மதிச்சால் நாலாய் வெட்டி ஏத்தலாம்.”

“அப்ப றைவர் ஒரு பக்கம், கார் ஒரு பக்கம். வாரும், காரைப் பாப்பம்.”

பண்டத்தரிப்பு ஓவசியர் இளையதம்பியின் வளவு பெரியது. நாற்சார வீடு, கிணறு, காலியான கார்க் கொட்டில், பின்னால் ஒரு மாட்டுக் கொட்டில். அவர் மனைவி ஞானாம்பிகை தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் கதவோரம் நின்றாள். இளையதம்பி தன் கதையைச் சொன்னார். பாடமாக்கிய பிள்ளை பரிசளிப்பு விழாவில் பேசுவது போல இருந்தது.

“விடியப்புறம் கார் கிளம்பின சத்தம் கேட்டுது. நான் எழும்பி வெளியிலை வாறதுக்கிடையிலை பறந்திட்டான்.”

“இருமாமல் கிளம்பினதோ, ஐயா?”

“ஒரே கிளப்பு.”

வாசலில் நின்ற தம்பிஐயா தொண்டையைச் செருமினார். கார்த்திகைக் குளிரில், மண்ணெண்ணெய்க் கார், ஒரே கிளப்பு. அதைக் கேட்டுத்தான் அவருக்குத் தொண்டை கரகரத்தது. செல்வரட்ணம் அவரை ஒரு பார்வை பார்த்தார்.

குணலட்சுமி தேத்தண்ணீரோடு எழுந்து பின்வளவுக்குப் போனாள். அங்கே ஒரு பசு நின்றது. விலா எண்ணலாம். அதன் முன்னால் காய்ந்த வாழைத்தடல் கொஞ்சம் கிடந்தது. அதற்கு எட்டாத தூரத்தில், ஆள் உயரத்துக்கு மேலே, பொன்னிறமாக, மலை போல ஒரு வைக்கோல் போர்.

அவள் கமக்காரன் வீட்டுப் பிள்ளை. தையில் சூடு மிதித்து வைக்கோல் குவிப்பார்கள். மாசியில் போர் உயரும். அதன்பிறகு மாடு தின்னத்தின்னக் குறைந்து, கார்த்திகை மழைக்கு முழங்கால் அளவில் கறுத்துக் கிடக்கும். அடுத்த அறுவடை வரும் முன், மழைக்குள், போர் வளர்ந்ததை அவள் கண்டதில்லை.

“சேர்,” என்று கூப்பிட்டாள். “இஞ்சை வந்து பாருங்கோ. ஓவசியர் ஐயாவின்ரை வளவிலை கார்த்திகையிலை தைப்பொங்கல்.”

ஆண்கள் பின்னால் வந்தார்கள். குணலட்சுமி போரில் ஒரு பிடி வைக்கோலை இழுத்துப் பசுவுக்குப் போட்டாள்.

“உதைத் தொடாதையும், பிள்ளை,” என்றார் இளையதம்பி.

“மாட்டுக்குப் பசிக்குதே, ஐயா.”

“அது... அதுக்கு இந்த வைக்கல் ஒத்துக்கொள்ளாது.”

“அதுக்கு அப்பிடித் தெரியேல்லையே.” இரண்டாவது பிடி. மூன்றாவது. பசு நாட்கணக்காகப் பட்ட அவமானத்துக்கெல்லாம் சேர்த்துத் தின்றது. இளையதம்பியின் கை தோளிலிருந்த சால்வையைப் பிசைந்தது. செல்வரட்ணம் கைலேஞ்சியை எடுத்தார். “மிஸ்டர் கனிசியஸ், நேரம் போகுது, மற்ற இடங்களிலையும் விசாரிக்கவேணுமெல்லே,” என்றார்.

குணலட்சுமி இருந்த வேகத்தில் பசுவின் கயிற்றையே அவிழ்த்துவிட்டாள். பசு நேராகப் போய்ப் போருக்குள் தலையைக் கொடுத்தது. ஒரு பெரிய கற்றை சரிந்து விழுந்தது. உள்ளே பளபளவென்று ஒரு பம்பர். பசு அதை நக்கிப் பார்த்துவிட்டு, பிரயோசனமில்லை என்று பக்கத்து வைக்கோலுக்குத் திரும்பியது.

பின்னாலேயே வந்து நின்ற ஞானாம்பிகைதான் முதலில் வாய் திறந்தாள். “நான் அப்பவே சொன்னன். மாட்டைக் கட்டிவைச்சிட்டு வைக்கலைக் காட்டுறது பாவம் எண்டு.”

இளையதம்பி கிணற்றுக் கட்டில் இருந்துவிட்டார். “நான் கள்ளனில்லை. என்ரை காரை நான் ஒளிச்சன். பெடியள் வந்து காரைப் பாத்திட்டுப் போனவங்கள். இண்டைக்குப் பாத்தால் நாளைக்குக் கேப்பாங்கள். இல்லையெண்டு சொல்லேலுமோ? என்ரை முழு உத்தியோகத்திலையும் நான் வாங்கின ஒரே சாமான் அது.”

“பயம் நியாயம், ஐயா,” என்றார் கனிசியஸ். “அந்தப் பயத்துக்கு இன்னொருத்தன்ரை பேரை எடுத்துப் போர்த்தினதுதான் அநியாயம். உந்தப் போர்வையை உங்களுக்கு ஆர் தந்தது?”

இளையதம்பி செல்வரட்ணத்தைப் பார்த்தார். அது போதுமாக இருந்தது.

“எனக்கு வந்த உடனை இடிச்சது உதுதான்,” என்று கனிசியஸ் செல்வரட்ணத்திடம் திரும்பினார். “மூண்டு கார் துலைச்ச கொம்பனியிட்டை நாலாவது ஆள் ஏன் வாறான்? துலைக்கத்தான் வாறான். நீங்கள் றைவர் அனுப்புற தொழிலோடை, கள்ளன் அனுப்புற தொழிலும் செய்யிறியள். கார் ஒளிக்க விரும்புறவனுக்கு, களவெடுத்ததாய்ச் சொல்ல ஒரு றைவர். அந்த றைவருக்குக் கொழும்பிலை வேலை எண்டு ஆசை காட்டிப் படகேத்தினால், அவன் திரும்பி வந்து மறுக்கமாட்டான். தான் கள்ளன் எண்டு அவனுக்கே தெரியாது.”

“விசர்க் கதை. அப்பிடியெண்டால் நான் ஏன் உங்களைக் கூப்பிட்டனான்?”

“அது மட்டும்தான் எனக்கு விளங்கேல்லை.”

“அவர் சொன்னவர்,” என்றார் இளையதம்பி, தலையை நிமிர்த்தாமலே. “மூண்டாவது காருமெண்டால் சனம் சந்தேகப்படும், ஒரு ஆளை விட்டுத் தேடவேணும் எண்டு. ‘கனிசியஸ்தான் சரி. ஓடி ஓடித் தேடுவார், ஒண்டும் கண்டுபிடிக்கமாட்டார்’ எண்டு.”

கனிசியஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். இந்தமுறை துடைக்கவில்லை. குணலட்சுமிக்கு அந்தக் கணம் அவர் முகத்தைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

“மாடுதானே கண்டுபிடிச்சது, சேர்,” என்றாள். “அவரின்ரை கணக்கு அவ்வளவு பிழையில்லை.”

அவர் மெல்லச் சிரித்தார். கண்ணாடியைத் திரும்பப் போட்டார். “சூசைதாசன் எங்கை?”

செல்வரட்ணம் கையிலிருந்த மணிக்கூட்டைப் பார்த்தார். படகு போகும்வரை பேசாமல் நின்றால் போதும் என்ற கணக்கு அவர் முகத்தில் அப்பட்டமாக ஓடியது. அதைக் கலைத்தவர் இளையதம்பி.

“அவனை இனி விடமாட்டாங்கள். காலமை நான் பெடியளிட்டைப் போய் அவன்ரை பேரை எழுதிக் குடுத்திட்டன். கிளாலிக்கு அறிவிச்சு, போற வாற ஆக்களுக்குள்ளை பாக்கிறம் எண்டு சொன்னவங்கள்.”

“பேர் குடுத்தனியளோ?” செல்வரட்ணத்தின் கைலேஞ்சி நிலத்தில் விழுந்தது. “கார் களவு போச்சுது எண்டு மட்டும் சொல்லுங்கோ எண்டெல்லே நான் சொன்னது? அவனைப் பிடிச்சால் அவன் என்னையெல்லே சொல்லுவான்?”

“உங்களையும் சொல்லுவான். முதல் அவனை அடிப்பாங்கள். அது உங்கடை கணக்கிலை இல்லைப் போலை,” என்றாள் குணலட்சுமி.

சூசைதாசன் சாவகச்சேரியில், செல்வரட்ணத்தின் ஒன்றுவிட்ட தம்பி பொன்னம்பலத்தின் வீட்டில் இருக்கிறான். ஊரைவிட்டுப் போக இயக்கத்தின் அனுமதி அன்றைக்குத்தான் கிடைத்தது. பின்னேரம் கிளாலிக்கு வெளிக்கிடுவான். எல்லாம் செல்வரட்ணத்தின் வாயிலிருந்து ஒரே மூச்சில் வந்தது. ஒரு மனிதனைக் காப்பாற்ற வராத வேகம், தன் தோலைக் காப்பாற்ற வந்தது.

இளையதம்பியைப் போய் முறைப்பாட்டைத் திருப்பி எடுக்கச் சொன்னார் கனிசியஸ். “கார் என்ரை வளவுக்குள்ளைதான் நிண்டது எண்டு சொல்லுங்கோ. கார் போனால் போகட்டும்.” கிழவர் சைக்கிளை எடுத்தார். ஞானாம்பிகை அவருக்குக் குடையைக் கொடுத்தாள். வைக்கோலை மூடவில்லை. பசுவைக் கட்டவும் இல்லை.

தம்பிஐயா சாவகச்சேரிக்குக் காரை விரட்டினார். கார் இருமிக்கொண்டே ஓடியது. வழி நெடுகச் செல்வரட்ணம் தன் பக்க நியாயத்தைச் சொல்லிக்கொண்டு வந்தார். அவனுக்குக் கொழும்பிலை நல்ல வேலைதானே. நான் கெடுதல் ஒண்டும் நினைக்கேல்லை. தொழிலெண்டால் ஆபத்து இருக்கும். ஆபத்தை எடுக்கிறவனுக்குத்தானே லாபம்.

“ஆபத்தை எடுத்தது சூசைதாசன். நீங்கள் எடுத்தது மற்றது,” என்றார் கனிசியஸ்.

பொன்னம்பலம் வீட்டு வாசலில் சூசைதாசன் வெள்ளைச் சேட்டைப் போட்டுப் பொத்தான் பூட்டிக்கொண்டு நின்றான். பை தயாராகக் கிடந்தது. செல்வரட்ணத்தைக் கண்டதும் முகம் மலர்ந்தது. “முதலாளி, வழியனுப்ப வந்தனீங்களோ?”

கனிசியஸ் எல்லாவற்றையும் சொன்னார். சூசைதாசன் முதலில் சிரித்தான். பிறகு தம்பிஐயாவைப் பார்த்தான். தம்பிஐயா தலையை ஆட்டியதும் சிரிப்பு நின்றது.

“மனிசிக்குச் சொல்லாதை, பெண்டுகள் அழுவினம் எண்டு சொன்னனீங்கள்,” என்றான் செல்வரட்ணத்திடம். “அவளைக் கள்ளன்ரை பொஞ்சாதி எண்டோ சொல்லுறாங்கள்?”

“உனக்கு என்ன வேணுமெண்டாலும் நான்...”

“எனக்கு ஒண்டும் வேண்டாம். குருநகருக்கு வாங்கோ. வந்து சொல்லுங்கோ.”

அவர்கள் குருநகரை அடைந்தபோது கோயிலில் செபமாலை முடிந்து சனம் வெளியே வந்துகொண்டிருந்தது. கூட்டத்திலிருந்து விலகி யோசப்பின் தனியே வந்தாள். காரிலிருந்து இறங்கிய கணவனைக் கண்டு அப்படியே நின்றாள். பயத்தில் அவள் கண் முதலில் போனது அவனிடமல்ல, அவனுக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று தெருவுக்கு. சனமும் நின்றது.

செல்வரட்ணம் இறங்கவில்லை. குணலட்சுமி கதவைத் திறந்து பிடித்தாள். “இறங்குங்கோ, முதலாளி. தண்ணி வத்தியிட்டுது. சப்பாத்து நனையாது.”

அவர் இறங்கினார். தொண்டையைச் சரிசெய்தார். “ஒரு சிறிய தவறான விளக்கம் காரணமாக...”

“எங்களுக்கு விளங்கிற மாதிரிச் சொல்லுங்கோ,” என்றாள் யோசப்பின்.

“சூசைதாசன் காரை எடுக்கேல்லை.”

“அப்ப ஆர்?” என்று கூட்டத்திலிருந்து ஒரு கிழவர் கேட்டார்.

செல்வரட்ணம் கனிசியஸைப் பார்த்தார். கனிசியஸ் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் அவர் சொன்னார்: கார் களவே போகவில்லை, அந்தக் கதையைக் கட்டினது நான்தான். கடைசிச் சொல் காற்றுக்கும் கேட்காத குரலில் வந்தது. ஆனால் அந்த நேரம் காற்று இல்லை. எல்லோருக்கும் கேட்டது.

அடி விழும் என்று குணலட்சுமி எதிர்பார்த்தாள். விழவில்லை. ஒரு பெண் நிலத்தில் துப்பினாள். பிறகு அவள் யோசப்பினிடம் போய் அவளுடைய கையைப் பிடித்தாள். யோசப்பின் உடனே கையை விடுவித்துக்கொண்டாள். கணவனின் சேட்டுப் பொத்தான் ஒன்று மாறிப் பூட்டியிருந்தது. அதைக் கழற்றிச் சரியாகப் பூட்டிவிட்டாள். அப்போதுதான் அழுதாள்.

செல்வரட்ணம் அவசரமாகக் காருக்குள் ஏறினார். “எடு, தம்பிஐயா.”

தம்பிஐயா வெளியே நின்றார். கோப்பாய்க் கார் போனபோது ‘களவெடுத்தவன்’ அவருடைய மச்சான் என்பதை அதுவரை யாருக்கும் அவர் சொல்லியிருக்கவில்லை. இப்போதும் சொல்லவில்லை. கார் யன்னலால் கையை விட்டுக் கார்த் திறப்பைச் செல்வரட்ணத்தின் மடியில் வைத்தார்.

“நீங்கள் எடுங்கோ, முதலாளி.”

செல்வரட்ணம் திறப்பைப் பார்த்தார். இருபது சாரதிகளுக்கு முதலாளி. ஸ்ரியறிங்கை ஒருநாளும் தொட்டதில்லை. கூட்டத்தில் நின்ற யாரும் காரை நெருங்கவில்லை, யாரும் விலகிப் போகவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. அவர் இறங்கி, மீன் வாடிகளைக் கடந்து, ஸ்ரான்லி வீதிப் பக்கமாக நடக்கத் தொடங்கினார்.